பிளட் அண்ட் பிளாக் லேஸ் (1964): பாக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்லாரும் கேக்குற கேள்விகள்

மாரியோ பாவாவோட இந்தப் படத்த யாருக்கு சிபாரிசு பண்ணாலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருது. டப்பிங் ஏன் இப்படி இருக்கு, லைட் ஏன் பச்சையா இருக்கு, கொலைகாரன் யாருன்னு புரியல, ஏன் இவ்ளோ கொடூரம், இப்படி. அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வைக்குறேன். படம் பாக்காதவங்களும் தாராளமா படிக்கலாம், கொலைகாரன் யாருங்குற விஷயம் கடைசிப் பகுதிலதான் வருது, அதுக்கு முன்னாடி எச்சரிக்கை போட்டிருக்கேன்.

இது என்ன படம்? சுருக்கமா சொல்லுங்க.

1964 மார்ச்ல இத்தாலில ரிலீஸ் ஆன கொலை மர்மப் படம். ரோம்ல பணக்காரங்களுக்கு டிரெஸ் டிசைன் பண்ற ஒரு ஃபேஷன் ஹவுஸ், அங்க வேலை பாக்குற இசபெல்லாங்குற மாடல் பொண்ணு புயல் அடிக்குற ராத்திரில தோட்டத்து வழியா நடந்து வரும்போது கொலை ஆகுறா. அப்புறம் அவ எழுதி வச்ச டைரி ஒண்ணு கிடைக்குது. அதுல அங்க வேலை பாக்குற எல்லாரோட ரகசியமும் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு வேர்க்குது. டைரி கை மாற மாற, முகமே இல்லாத மாதிரி வெள்ளத் துணி கட்டின ஒரு உருவம் ஒவ்வொரு மாடலா தேடி வருது.

இத்தாலியத் தலைப்பு 'சேய் தொன்னே பெர் லஸ்ஸஸ்ஸீனோ', கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்னு அர்த்தம். 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்'ங்குறது இங்கிலீஷ்ல வச்ச பேர், தேடும்போது ரெண்டு பேர்லயும் தேடிப் பாருங்க. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மிதான் ஓடும்.

ஜியாலோ ஜியாலோன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

இத்தாலில மொண்டடோரிங்குற பதிப்பகம் 1929லேர்ந்து துப்பறியும் நாவல்கள மஞ்ச அட்டை போட்டு வரிசையா விட்டாங்க, அது அவ்ளோ பிரபலமாகி அந்த மாதிரி கதைக்கே மஞ்சள்னு பேர் ஆகிடுச்சு, ஜியாலோன்னா அதான். இத்தாலிக்காரங்களுக்கு எந்தத் துப்பறியும் கதையும் ஜியாலோதான், அகதா கிறிஸ்டியும் சேத்தி.

வெளிநாட்டு ரசிகர்கள் சொல்றப்போ அது 60, 70கள்ல வந்த ஒரு குறிப்பிட்ட வகை இத்தாலியப் படத்தத்தான் குறிக்கும். கருப்புக் கிளவுஸ் போட்ட கொலைகாரன், முகம் தெரியாது, கத்தி இல்லன்னா அது மாதிரி கைக்குக் கிடைச்ச ஏதோ ஒரு ஆயுதம், அழகான வீடு அழகான டிரெஸ், கேமரா கொலைகாரன் பக்கம் நின்னு பாக்கும், கடைசில யாருன்னு ஒரு திருப்பம். இதுல பாதிக்கு மேல இந்த ஒரே படத்துலேர்ந்து போனதுதான்.

அப்போ இதுதான் முதல் ஜியாலோ படமா?

பொதுவா முதல் படம்னு சொல்றது 1963ல இதே பாவா எடுத்த 'லா ரகாட்சா கே சப்பேவா த்ரோப்போ'. ரோமுக்கு வர்ற ஒரு அமெரிக்கப் பொண்ணு, துப்பறியும் நாவல் பைத்தியம், ஒரு கொலைய பாத்துடுறா, யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நல்ல படம்தான், ஆனா கருப்பு வெள்ளை, கொஞ்சம் காமெடி கலந்தது, ஹிட்ச்காக் வாசனை தூக்கலா இருக்கும்.

என்னைக் கேட்டா முதல் படம் அதுன்னாலும் ஜியாலோவுக்கு முகம் கொடுத்தது இந்த 1964 படம்தான். கலர், ஃபேஷன், முகமூடி, வரிசையா கொலைகள், எல்லாம் இங்கதான் ஒண்ணா சேருது. இதுக்கப்புறம் 1970ல டாரியோ அர்ஜெண்டோ தன்னோட முதல் படத்த எடுத்து அது பெரிய ஹிட் ஆனதும்தான் இத்தாலில எல்லாரும் ஜியாலோ எடுக்க ஆரம்பிச்சாங்க, அந்த அலை வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே பாவா செஞ்சு முடிச்சுட்டாரு.

மாரியோ பாவா யாரு? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1914ல சான் ரெமோல பிறந்தவரு, 1980ல ரோம்ல இறந்துட்டாரு. அப்பா எவ்ஜெனியோ பாவா சிற்பி, மௌனப்பட காலத்துலயே கேமராமேனாவும் ஸ்பெஷல் எஃபெக்ட் ஆளாவும் வேலை பாத்தவரு. பையன் அந்தப் பட்டறைல வளந்து ரொம்ப வருஷம் கேமராமேனா இருந்துட்டுதான் டைரக்டர் ஆனாரு. முழுசா தன் பேர்ல வந்த முதல் படம் 1960ல, அதாவது நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல. சூனியக்காரி கதை, கருப்பு வெள்ளை, அது அமெரிக்காலயும் நல்லா ஓடுச்சு.

இந்தப் பின்னணி தெரிஞ்சுக்கிட்டு படம் பாத்தா நிறைய புரியும். இவரு கதை சொல்ற டைரக்டர் இல்ல, லைட் வைக்குற ஆளு. ஸ்கிரிப்ட்ல ஒரு பொண்ணு இருட்டுக் கடைல நடக்குறான்னு ஒரு வரி இருந்தா இவரு அத பல நிமிஷம் காட்டுவாரு, அந்த நிமிஷங்களுக்காகத்தான் இவர இன்னும் பேசிட்டு இருக்கோம். மகன் லாம்பெர்டோ பாவாவும் டைரக்டர் ஆனாரு.

பட்ஜெட் ரொம்ப கம்மின்னு சொல்றாங்க, பாத்தா அப்படித் தெரியலயே?

அது வெளிய தெரியாத மாதிரி பண்ணதுதான் அவரோட திறமை. இத்தாலி, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி மூணு நாட்டுக் கம்பெனிகளும் சேந்து போட்ட பணம், சேத்தாலும் சொற்பம். அப்போ ஜெர்மனில எட்கர் வாலஸ் நாவல்கள வச்சு எடுத்த மர்மப் படங்கள் நல்லா ஓடிட்டு இருந்துச்சு, அதே மாதிரி ஒண்ணு சீக்கிரமா சீப்பா எடுத்துக் குடுங்கன்னுதான் பாவாகிட்ட வந்தாங்க.

கேமராவ சீரா நகத்த தள்ளுற டிராலி தண்டவாளம் எல்லாம் வாடகைக்கு எடுக்க வழியில்ல, அதனால குழந்தைங்க விளையாடுற சின்ன இழுக்குற வண்டில கேமராவ வச்சு இழுத்திருக்காங்க. ஃபேஷன் ஹவுஸுக்குள்ள கேமரா ரூம் ரூமா மிதந்து போற ஷாட் எல்லாம் பாக்குறீங்கள்ல, அது இந்த மாதிரி ஏற்பாட்டுலதான். கிரேனுக்கு பதிலா சீசா மாதிரி ஒரு பலகை, ஒரு முனைல கேமரா, இன்னொரு முனைல யூனிட் ஆளுங்களே எடைக்கு உக்காந்திருக்காங்க. கட்டடத்துக்கு வெளிப்புறம் ரோம்ல இருக்குற வில்லா ஷாராங்குற பழைய மாளிகையும் அதோட தோட்டமும்.

மீதிய லைட்டே பாத்துக்கிச்சு. செட்ல சுவர் மோசமா இருந்தா அங்க இருட்டு விட்டுட்டாரு, நல்லா இருக்குற ஒரு திரைச்சீலை மேல மட்டும் சிவப்பு அடிச்சாரு. நாம பணக்கார வீடுன்னு நம்புற இடத்துல பாதி, கருப்புல மூழ்கி ஒண்ணுமே இல்லாத இடம். காசு இருந்திருந்தா எல்லாத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டிருப்பாங்க, படம் இவ்ளோ பயமாவும் இருந்திருக்காது.

அந்தப் பச்சை, ஊதா லைட் எல்லாம் எங்கேர்ந்து வருது? ரூம்ல அப்படி ஒரு விளக்கே இல்லையே?

எங்கேர்ந்தும் வரல. லைட்டுக்கு முன்னாடி கலர் ஜெலட்டின் தாள் மாட்டிட்டு பாவா அடிக்குறாரு, கதைல அதுக்கு காரணம் தேடக்கூடாது. கேமராமேன் பேரு உபால்டோ தெர்சானோ, ரெண்டு பேரும் முன்னாடியே சேந்து வேலை பாத்தவங்க. அதே முகம், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு, திரும்பினா ஊதா. நிஜத்துல இப்படி எந்த வீடும் இருக்காது, ஆனா பயந்து போன ஆளுக்கு தெரிஞ்ச வீடே வேற மாதிரி தெரியும்ல, அந்த நிலைமைய கலராவே காட்டுறாரு.

ஒரே ஒரு சீன மட்டும் நிதானமா கவனிங்க. நிக்கோல்ங்குற மாடல் பொண்ணு ராத்திரி ஃபிராங்க்ங்குற ஆளோட பழைய பொருள் கடைக்குப் போறா. வெளிய ஏதோ ஒரு விளக்கு விட்டு விட்டு எரியுற மாதிரி உள்ள வெளிச்சம் வந்து வந்து போகுது, அதே தாளத்துல. கவச உடைங்க, சிலைங்க, திரைச்சீலைங்க. வெளிச்சம் வரும்போது ஒரு பொருள் தெரியுது, போகும்போது மறையுது, திரும்ப வரும்போது அந்த இடத்துல வேற ஏதோ நிக்குதோன்னு நம்ம கண்ணே தேட ஆரம்பிச்சிடுது. வசனமே கிடையாது. கொலைக்கு எடுக்குற ஆயுதமும் அந்தக் கடையிலயே இருக்குற கூர்முனை வச்ச பழங்கால இரும்புக் கையுறைதான். கொலைய விட அதுக்கு முன்னாடி அவ வழி தேடித் தேடி நடக்குற நேரம்தான் மனசுல நிக்கும்.

வாய் அசைவும் குரலும் ஒட்டவே மாட்டேங்குது, என் காப்பில ஏதாவது பிரச்னையா?

இல்ல, எல்லா காப்பியும் அப்படித்தான். அந்தக் காலத்து இத்தாலியப் படங்கள்ல ஷூட்டிங் நேரத்துல குரல் பதிவு பண்றதே கிடையாதுன்னு வச்சுக்கோங்க, எல்லாமே பின்னாடி ஸ்டூடியோல டப் பண்றதுதான். மூணு நாட்டுக் கூட்டுத் தயாரிப்புங்குறதால நடிகர்களும் கலவை. கேமரன் மிச்செல் அமெரிக்கர், ஈவா பார்ட்டோக் ஹங்கேரில பிறந்தவங்க, இன்ஸ்பெக்டரா வர்ற தாமஸ் ரைனர் ஜெர்மன்காரர், கிளோட் டான்டெஸ் பிரெஞ்சு, மீதிப் பேர் இத்தாலியர். செட்ல இங்கிலீஷ் வசனம் விறைப்பா இருக்குன்னு பெக்கிங்குற மாடலா நடிச்ச அமெரிக்கப் பொண்ணு மேரி ஆர்டனே அத உக்காந்து திருத்திக் குடுத்திருக்காங்க.

இதுல ஆச்சரியம் என்னன்னா அமெரிக்க வெர்ஷன்ல கேமரன் மிச்செல் இங்கிலீஷ் பேசுறவரா இருந்தும் குரல் அவரோடது இல்ல. பால் ஃப்ரீஸ்னு ஒரு புகழ்பெற்ற குரல் கலைஞர், அவரே பெரும்பாலான ஆண் பாத்திரங்களுக்கு பேசிட்டாரு. இன்ஸ்பெக்டரும் சந்தேக ஆளும் பேசும்போது ஒரே ஆள் ரெண்டு குரல்ல பேசுற மாதிரி உங்களுக்குத் தோணிச்சுன்னா உங்க காது சரியாத்தான் கேக்குது.

அப்போ எந்த ஆடியோல பாக்குறது? எந்த பிரிண்ட் நல்லது?

இத்தாலிய ஆடியோ, இங்கிலீஷ் சப்டைட்டில். குரல்கள் வேற வேறயா பிரிஞ்சு கேக்கும், யாரு யாருன்னு கண்டுபிடிக்குறதும் சுலபம். இங்கிலீஷ் டப்பும் கேக்கவே முடியாதுன்னு இல்ல, ரெண்டாவது தடவை பாக்குறப்போ அதுல பாருங்க.

பிரிண்ட் விஷயத்துல மட்டும் சமரசமே வேண்டாம், ஏன்னா லைட் கேள்வில சொன்னதெல்லாம் கலர் சரியா இருந்தாதான் தெரியும். இலவசமா சுத்துற பழைய காப்பிகள்ல சிவப்பு ஆரஞ்சாயிடும், ஊதா செத்துடும், இருட்டு எல்லாம் சாம்பல் ஆயிடும், அதுல பாத்துட்டு என்னய்யா இதுல இருக்குன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. 2015ல ஆரோ வீடியோங்குற கம்பெனி ஒரிஜினல் நெகட்டிவ்லேர்ந்து சரி பண்ணி புளூரே விட்டாங்க, அந்த அளவுக்கு கலர் இருக்குற காப்பியா தேடுங்க. ரூம் லைட்ட அணைச்சுட்டு பெரிய திரைல பாருங்க, போன்ல வேண்டாம்.

ஆரம்பத்துல டைட்டில் ஓடும்போது எல்லாரும் பொம்மை மாதிரி நிக்குறாங்களே, அது எதுக்கு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச டைட்டில்கள்ல ஒண்ணு அது. ஒவ்வொரு நடிகரும் அசையாம போஸ் குடுத்து நிக்குறாங்க, பக்கத்துல துணிக்கடை பொம்மைங்க, கேமரா ஒவ்வொருத்தர் மேலயும் போய் நிக்குது, பேர் வருது, பின்னாடி கார்லோ ருஸ்டிகெல்லியோட மியூசிக், கொலைப் படத்துக்கு வாசிக்குற மாதிரியே இல்லாம கிளப்ல ஆடுறதுக்கு வாசிக்குற மாதிரி சோம்பலா இழையும். மனுஷங்களையும் பொம்மைங்களையும் ஒரே மாதிரி நிறுத்தி வச்சு, இந்த உலகத்துல இவங்களுக்கு மதிப்பு அவ்ளோதான்னு முதல் ரெண்டு நிமிஷத்துலயே சொல்லிடுறாரு.

அமெரிக்கால வெளியிட்டவங்க இத தூக்கிட்டு வேற டைட்டில் புதுசா செஞ்சு போட்டாங்க. உங்க காப்பில நடிகர்கள் நிக்குற காட்சி இல்லன்னா நீங்க பாக்குறது அந்த வெர்ஷன்.

யாரு யாருன்னே புரியல, எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க.

இந்தப் புகார் நியாயமானதுதான், முதல் இருபது நிமிஷத்துல ஒரு டஜன் பேர இறக்கி விடுறாங்க. இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. கிறிஸ்டியானா, புருஷன இழந்த கோமகள், ஃபேஷன் ஹவுஸ் அவங்களோடது. மேக்ஸ் அத நடத்துற மேனேஜர். மாடல்கள் இசபெல்லா, நிக்கோல், பெக்கி, கிரேட்டா, தாவோ லீ. ஆம்பளைங்கள்ல ஃபிராங்க் பழைய பொருள் வியாபாரி, கோகெய்ன் பழக்கம். மோரெல் காசில்லாத பிரபு, கிரேட்டாவோட நிச்சயம் ஆனவன், இசபெல்லாகிட்ட கடன் வாங்கினவன். மார்க்கோ பெக்கி மேல உயிரா இருக்குற பயந்த சுபாவம். சேசரே டிரெஸ் டிசைனர்.

ஒவ்வொருத்தருக்கும் டைரிய பாத்து பயப்பட ஒரு காரணம் இருக்கு. போதை, கடன், கருக்கலைப்பு, கள்ளத் தொடர்பு. இவங்கள்ல யாரும் செத்துப் போன பொண்ணுக்காக அழல, டைரில தன் பேர் இருக்குமோங்குறதுதான் ஒவ்வொருத்தர் கவலையும். இத புரிஞ்சுக்கிட்டா பேர் குழம்பினாலும் படம் குழம்பாது.

அந்த ஹேண்ட்பேக் சீன் பத்தி ஏன் எல்லாரும் பேசுறாங்க?

ஃபேஷன் ஷோ நடக்குது. டைரி நிக்கோலோட ஹேண்ட்பேக்ல இருக்கு, ராத்திரி போலீஸ்ல குடுத்துடுறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அவ மேடைக்குப் போகணும், பேக் டேபிள் மேல கிடக்குது. மாடல்கள் உள்ள வர்றாங்க, டிரெஸ் மாத்துறாங்க, வெளிய போறாங்க, ஒவ்வொருத்தர் கண்ணும் ஒரு நொடி அந்த பேக் மேல போய்ட்டு வருது. கேமராவும் திரும்பத் திரும்ப அங்கயே போகுது.

கத்தி இல்ல, ரத்தம் இல்ல, இருட்டு கூட இல்ல. ஒரு தோல் பைய வச்சு மொத்தக் கூட்டத்தையும் சந்தேகப்பட வச்சிடுறாரு. டயலாக் எழுதி ஒரு மணி நேரம் விசாரணை வச்சிருந்தாலும் இது வந்திருக்காது. காசில்லாம படம் எடுக்குறவங்க கத்துக்க வேண்டிய சீன் ஒண்ணு சொல்லுங்கன்னா நான் கடை சீன விட்டுட்டு இதத்தான் சொல்லுவேன்.

இன்ஸ்பெக்டர் ஏன் ஒண்ணுமே கண்டுபிடிக்க மாட்டேங்குறாரு?

அதுதான் இந்தப் படத்தோட புதுசு. அதுவரைக்கும் மர்மக் கதைன்னா துப்பறியுறவர் நடுவுல இருப்பாரு, கொலை ஒரு புதிர், அவரு அவிழ்ப்பாரு. இங்க இன்ஸ்பெக்டர் சில்வெஸ்ட்ரி வர்றாரு, கேக்குறாரு, யாரோ பொண்ணுங்க மேல வெறி பிடிச்சவன் வேலைன்னு முடிவு பண்றாரு, எல்லா ஆம்பளைங்களையும் உள்ள தூக்கிப் போடுறாரு. கடைசி வரைக்கும் அவரால ஒரு உயிரக்கூட காப்பாத்த முடியல. பாவாவுக்கு விசாரணைல ஆர்வமே இல்லன்னு ஒவ்வொரு விசாரணை சீன் வெளிச்சத்துலயும் தெரியுது, தட்டையா இருக்கும், சீக்கிரம் முடிச்சுட்டு இருட்டுக்குத் திரும்பிடுவாரு.

இதனால படம் பலவீனமாச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. போலீஸ் வந்துடும்ங்குற நம்பிக்கை போனதும்தான் அந்தப் பொண்ணுங்களோட தனிமை நமக்கு உறைக்குது.

பொண்ணுங்கள இவ்ளோ கொடூரமா கொல்றத அழகா காட்டுறாங்களே, இத எப்படி ரசிக்குறீங்க?

இத கேக்காம பாக்குறவங்கள விட கேட்டுட்டு பாக்குறவங்க மேல எனக்கு மரியாதை அதிகம். ஆமா, காட்சிகள் கொடூரம், ஆமா, அழகா லைட் போட்டு எடுத்திருக்காங்க, ரெண்டும் சேந்து வர்றது நெஞ்ச உறுத்தும், 1964க்கு இது ரொம்ப அதிகம். பின்னாடி வந்த ஜியாலோக்கள்ல நிறைய படங்கள் இந்தக் கொடூரத்த மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய விட்டுடுச்சு, அந்தப் படங்கள எனக்கு ஆதரிக்கத் தோணாது.

இந்தப் படத்துல நான் பாக்குறது வேற. அழக விக்குற ஒரு கடை, பொண்ணுங்கள பொம்மையா நிறுத்தி டிரெஸ் மாட்டி காசு பாக்குற இடம், அங்க ஒருத்தி செத்த அடுத்த நாளே ஷோ நடக்கணும்னு வேலை ஓடுது. டைட்டில்லயே சொன்ன விஷயம் இது. கொலைகாரன் செய்யுறதும் அந்தக் கடை செய்யுறதும் ஒரே பார்வைல இருந்து வருதுன்னு படம் காட்டுது, மேல சொன்ன மாதிரி அந்த இறந்த பொண்ணுக்காக அங்க ஒருத்தரும் அழலங்குறத மறக்காதீங்க. இது போதுமான சமாதானமான்னு ஒவ்வொருத்தரும் பாத்துட்டு முடிவு பண்ணணும். பிடிக்கலன்னு பாதில அணைச்சா அதுலயும் தப்பு எதுவும் இல்ல.

பசங்களோட பாக்கலாமா?

வேண்டாம். சின்னப் பசங்களோட நிச்சயமா வேண்டாம். வன்முறை, போதைப்பொருள் ரெண்டும் இருக்கு.

அப்போ ஓடுச்சா இந்தப் படம்?

இத்தாலில பெருசா ஓடல. அமெரிக்கால பாவா படங்கள வழக்கமா வாங்குற ஏஐபி கம்பெனி இத வேண்டாம்னுடுச்சு, வேற ஆளுங்க வாங்கி 1965ல வெளியிட்டாங்க. பாவாவுக்கு வாழ்நாள்ல இதுக்கு உரிய பேரு கிடைக்கல. பின்னாடி வந்த டைரக்டர்கள்தான் தூக்கிப் பிடிச்சாங்க. ஸ்பெயின் டைரக்டர் அல்மோதோவரோட 1986 படம் 'மாட்டடோர்'ல ஒரு பாத்திரம் டிவில உக்காந்து பாக்குறதுல இந்தப் படத்தோட கொலைக் காட்சிகளும் இருக்கு. அமெரிக்க ஸ்லாஷர் படங்கள்ல முகமூடி ஆள் ஒவ்வொருத்தரா கொல்றது வருதே, அந்த வரிசையப் பின்னாடி தேடிப் போனா இங்கயும் பாவாவோட 1971 படம் ஒண்ணுலயும்தான் போய் நிக்கும்.

இங்கேர்ந்து கீழ முடிச்சு உடையுது. படம் பாக்காதவங்க நிறுத்திக்கோங்க.

கொலைகாரன் யாரு? பாத்தும் புரியல.

ஒரு ஆள் இல்ல, ரெண்டு பேர். மேக்ஸும் கிறிஸ்டியானாவும். அவங்க ரெண்டு பேரும் சேந்து கிறிஸ்டியானாவோட புருஷன முன்னாடியே கொன்னுட்டாங்க, அது இசபெல்லாவுக்கு தெரிஞ்சுபோய் மிரட்டிக் காசு வாங்கிட்டு இருந்தா. அவள மேக்ஸ் தீத்துட்டான். அப்புறம் டைரி வெளிய வரவும் அத தேடி நிக்கோல், பெக்கின்னு தொடருது. இன்ஸ்பெக்டர் சொன்ன வெறி பிடிச்சவன் எவனும் இல்ல, இது முழுக்க முழுக்க காசும் பயமும்.

எல்லா ஆம்பளைங்களும் ஸ்டேஷன்ல இருக்கும்போது கிரேட்டாவ யாரு கொன்னா?

கிறிஸ்டியானா. மேக்ஸ் உள்ள இருக்கும்போதே ஒரு கொலை நடந்தா அவன் மேல இருக்குற சந்தேகம் போயிடும்ல, அதுக்காகவே அதே கோட்டு, அதே தொப்பி, அதே வெள்ள முகமூடி போட்டுக்கிட்டு போறாங்க. இன்ஸ்பெக்டரும் வேற வழியில்லாம எல்லாரையும் விட்டுடுறாரு. அந்த உடைல இருக்குறது ஆணா பெண்ணான்னே சொல்ல முடியாது, அதனால படம் முழுக்க நாம ஒரே ஆள்னு நினைச்சுட்டு இருக்கோம். முகமே இல்லாத முகமூடிய ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னு கேக்குறவங்களுக்கும் இதுதான் பதில், பயமுறுத்துறதுக்கு மட்டும் இல்ல, கதைக்கே அது தேவை. பெக்கிகிட்ட டைரி எங்கன்னு வாயத் திறக்காம சின்ன நோட்டுல எழுதிக் காட்டுறதும் அப்படித்தான், குரல் கேட்டா அவ கண்டுபிடிச்சிடுவா, நாமளும் கண்டுபிடிச்சிடுவோம்.

டைரிய பெக்கி எரிச்சுட்டாளே, அப்புறம் ஏன் அவள கொல்லணும்?

தன்னோட கருக்கலைப்பு அதுல இருக்குங்குறதால அவதான் எடுத்து எரிச்சுட்டா. கொலைகாரன்கிட்ட அத சொல்லவும் செய்யுறா, அவன் நம்பல. போலீஸ் வர்ற சத்தம் கேட்டு அவள வேற இடத்துக்கு தூக்கிட்டுப் போய் திரும்பவும் கேக்குறான், அப்போ அவ முகமூடிய பிடுங்கிடுறா, யாருன்னு பாத்துட்டா. அதுக்கப்புறம் டைரி இருந்தாலும் இல்லன்னாலும் அவள விட முடியாது. மொத்தப் படத்துலயும் எனக்கு பாக்க ரொம்பக் கஷ்டமா இருக்குறது இந்தச் சாவுதான், ஏன்னா அவ உண்மையத்தான் சொன்னா.

தலைப்புல ஆறு பெண்கள்னு இருக்கு, எண்ணிப் பாத்தா ஐஞ்சு பேர்தானே?

இசபெல்லா, நிக்கோல், பெக்கி, கிரேட்டா, தாவோ லீ. ஐஞ்சு. ஆறாவது கிறிஸ்டியானாவேதான். பழி எல்லாத்தையும் தாவோ லீ மேல போட்டு அது தற்கொலைன்னு நம்ப வைக்கணும்னு மேக்ஸ் சொல்ல, அவங்க போய் அவள குளியல் தொட்டில அமுக்கிக் கொன்னுட்டு மணிக்கட்ட அறுத்து வைக்குறாங்க. கிளம்புற நேரத்துல கதவு தட்டுற சத்தம், போலீஸ்னு நினைச்சு ஜன்னல் வழியா வெளிய போய் மழைத்தண்ணிக் குழாயப் பிடிச்சு இறங்குறாங்க, அது பேத்துக்கிட்டு கீழ விழுறாங்க. தட்டினது போலீஸ் இல்ல, மேக்ஸ். அவன் போட்ட கணக்குல ஆறாவது ஆளா அவங்க முதல்லேர்ந்தே இருந்திருக்கலாம்.

ஆனா அவங்க அங்கயே சாகல, அடிபட்ட உடம்போட திரும்பி வந்து அவன சுட்டுட்டு, போலீஸுக்கு போன் பண்ணிட்டுத்தான் சாகுறாங்க. ரெண்டாவது தடவை பாக்கும்போது ஈவா பார்ட்டோக்க மட்டும் தொடர்ந்து கவனிங்க, மத்தவங்க டைரியப் பாத்து பயப்படுற அதே சீன்கள்ல அவங்க கண்ணு டைரி மேல இருக்காது, மேக்ஸ் மேலதான் இருக்கும்.